இலாபம் இருவருக்கும், நட்டம் யாருக்கு? – முளாரபா முதல் ஃபாரெக்ஸ் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

நம் மஹல்லாவில் கடல் கடந்து சென்று உழைத்து, மாதந்தோறும் வீட்டிற்குப் பணம் அனுப்பும் சகோதரர்கள் இல்லாத தெருவே இல்லை. அப்படிச் சேர்ந்த சேமிப்பை வங்கியில் போட்டு வட்டி வாங்க மனம் ஒப்பாத பலர், அதை நல்ல வழியில் பெருக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தைத் தேடிக்கொண்டு சில ஆண்டுகளாக ஒரு புதிய அழைப்பு வருகிறது. "பணத்தை உங்கள் பெயரிலேயே ஒரு கணக்கில் போடுங்கள், அந்நிய நாணயங்களை வாங்கி விற்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வரும் இலாபத்தில் எங்களுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு, இது முளாரபாதான், ஹலால்தான்" என்பது அந்த அழைப்பின் சாரம்.

இப்படிக் கொடுத்துப் பணம் கரைந்த பிறகு, "நட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டல்லவா?" என்று ஜுமுஆவிற்குப் பின் நம்மிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. கேட்டவரும் கேட்கப்பட்டவரும் மச்சான் மைத்துனராக இருந்ததும் உண்டு. பணத்தோடு உறவும் முறிந்து நிற்கும் அவ்வேளையில் சொல்லும் விடை யாருக்கும் பயன்படுவதில்லை. ஆகவே, கொடுக்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டியவற்றை வரலாற்றின் துணையோடு இங்கே எடுத்து வைக்க விழைகிறோம். ஒருவர் முதல் போட, மற்றொருவர் உழைக்க, இலாப நட்டத்தைப் பிரித்துக்கொள்ளும் முறைக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கமும் நுட்பமான சட்டங்களும் நம்மிடம் இருக்கின்றன.

மக்கத்து வணிகக் கூட்டம்

மக்கா விளைநிலமற்ற பள்ளத்தாக்கு. அங்கு வாழ்ந்த குறைஷியரின் வாழ்வாதாரம் வாணிபமே. குளிர்காலத்தில் யமன் நோக்கியும் கோடையில் ஷாம் நோக்கியும் அவர்களின் ஒட்டக வணிகக் கூட்டங்கள் புறப்பட்டன. அந்த இரு பயணங்களையும் திருக்குர்ஆனின் 106ஆவது அத்தியாயம் நினைவூட்டுகிறது. மாதக்கணக்கில் நீளும் அப்பயணத்தை எல்லோராலும் மேற்கொள்ள இயலாது. முதியோர், விதவைகள், அநாதைகளின் பொறுப்பாளர்கள் ஆகியோரிடம் பொருள் இருந்தது. பாலைவனத்தைக் கடக்கும் வலிமை இல்லை. வலிமையும் வணிகத் திறமையும் கொண்ட இளைஞர் பலரிடமோ கைமுதல் இல்லை. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்தில் பிறந்ததே முளாரபா. பூமியில் பயணம் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஹிஜாஸ் பகுதியினர் இதையே 'கிராள்' என்று அழைத்தனர்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் செல்வச் சீமாட்டிகளுள் ஒருவர். தம் பொருளை நம்பகமானவர்களிடம் ஒப்படைத்து, இலாபத்தில் ஒரு பங்கு தந்து வணிகம் செய்வித்தவர். நபித்துவத்திற்கு முன், அல்-அமீன் என்று ஊரார் போற்றிய முஹம்மத் (ஸல்) அவர்களின் நேர்மையைக் கேள்வியுற்றுத் தம் சரக்கோடு அவர்களை ஷாம் நாட்டிற்கு அனுப்பி வைத்தார்கள். உடன் சென்றவர் பணியாளர் மைஸரா. திரும்பி வந்தபோது இலாபம் வழக்கத்தை விட மிகுதியாக இருந்தது என்பது வரலாறு. பிறர் முதலைக் கையில் வாங்கி வணிகம் செய்பவருக்கு முதல் தகுதி நம்பிக்கைதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தனை நம்பிக்கைக்குரியவரை அனுப்பியபோதும், முதலுக்குரியவரின் ஆள் ஒருவர் பயணம் முழுவதும் உடன் சென்றார். நடந்ததைக் கண்ணால் கண்டு வந்து சொன்னார்.

கலீஃபாவின் தீர்ப்பு

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில், கிராள் பற்றிய பகுதி ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் படையோடு இராக் சென்று திரும்பும் வழியில், பஸராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்திக்கின்றனர். மதீனாவிலுள்ள கலீஃபாவுக்கு அனுப்ப வேண்டிய பைத்துல் மால் பணம் அவரிடம் இருந்தது. அதை இருவருக்கும் கடனாகத் தந்து, இராக்கின் சரக்கை வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் செலுத்திவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுமாறு அவர் சொல்கிறார். அவ்வாறே செய்து இருவரும் நல்ல இலாபம் அடைந்தனர்.

செய்தி அறிந்த உமர் (ரலி) அவர்கள் கேட்ட முதல் கேள்வி, படையிலிருந்த அனைவருக்கும் ஆளுநர் இப்படிக் கடன் தந்தாரா என்பதுதான். இல்லை என்றனர் புதல்வர்கள். கலீஃபாவின் மக்கள் என்பதால் தரப்பட்ட சலுகை இது. முதலையும் இலாபத்தையும் முழுமையாகச் செலுத்துங்கள் என்று ஆணையிட்டார்கள். அப்துல்லாஹ் வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ்வோ, இப்பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடு செய்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். கலீஃபா தம் நிலையில் உறுதியாக இருந்தார்கள், மகனும் விடவில்லை. அப்போது அவையிலிருந்த ஒருவர், இதைக் கிராளாக ஆக்கிவிடலாமே என்று யோசனை கூறினார். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்று, முதலையும் இலாபத்தில் பாதியையும் பைத்துல் மாலுக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியைப் புதல்வர் இருவருக்கும் விட்டுக் கொடுத்தார்கள்.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் பெரும் விதி ஒன்று அடங்கியிருக்கிறது. நட்டத்தைத் தாங்கும் பொறுப்பு யாருடையதோ, அவருக்கே இலாபத்தில் உரிமை என்பதே உபைதுல்லாஹ்வின் வாதத்தின் உயிர்நாடி. கடனாக இருந்தால் நட்டம் முழுவதும் வாங்கியவருடையது. ஆகவே இலாபமும் அவருடையது. கிராளாக இருந்தால் பொருள் நட்டம் முதல் தந்தவருடையது. உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். இலாபம் இருவருக்கும் பொது. இவ்விரண்டையும் கலந்து, இலாபத்தில் பங்கு வேண்டும், ஆனால் முதலுக்கு உத்தரவாதமும் வேண்டும் என்று கேட்பது எந்த வகையிலும் சேராத ஒன்று.

சட்ட அறிஞர்கள் வகுத்த வரம்புகள்

ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும், பின்னர் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்களும், ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் இந்த ஒப்பந்தத்தை ஆராய்ந்து வரம்புகளை வகுத்தனர். கிளை விவகாரங்களில் கருத்து வேறுபாடுகள் உண்டு. உதாரணமாக, பயணத்தில் உழைப்பவரின் உணவு, உடைச் செலவை முதலிலிருந்து எடுக்கலாம் என்பது ஹனஃபி, மாலிகி அறிஞர்களின் கருத்து. எடுக்கலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. அடிப்படைகளிலோ அவர்கள் ஒன்றுபட்டே நிற்கின்றனர். அவற்றுள் நம் தலைப்புக்குத் தேவையானவை வருமாறு:

முதலாவது, இலாபப் பங்கு பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என விகிதமாகவே இருக்க வேண்டும். மாதம் இத்தனை திர்ஹம் என்று ஒரு தொகையைக் குறித்துவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. ஏனெனில் அத்தொகைக்கு மேல் இலாபமே வராமல் போனால் ஒருவர் அனைத்தையும் பெற, மற்றவர் வெறுங்கையோடு நிற்பார்.

இரண்டாவது, இலாபம் பேசியபடி. நட்டம் முதலின் மீது. அலீ (ரலி) அவர்களின் தீர்ப்பாகவும் இது அறிவிக்கப்படுகிறது. உழைப்பவர் அமானிதக்காரர். அவர் மோசடி செய்யாமலும் அலட்சியம் காட்டாமலும் நிபந்தனையை மீறாமலும் இருக்கும்வரை நட்ட ஈடு கேட்க முடியாது. அவர் ஈடு செய்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை விதிப்பதையும் அறிஞர்கள் ஏற்கவில்லை.

மூன்றாவது, முதலுக்குரியவர் நிபந்தனை விதிக்கலாம். அப்பாஸ் (ரலி) அவர்கள் முளாரபாவாகப் பணம் தரும்போது, கடல்வழியே செல்லக் கூடாது, பள்ளத்தாக்கில் இறங்கக் கூடாது, உயிருள்ள பிராணிகளை வாங்கக் கூடாது, மீறினால் ஈடு செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியபோதும், கருத்து சட்ட நூல்களில் நிலைபெற்றுள்ளது. நிபந்தனையை மீறிய கணமே அமானிதக்காரர் ஈட்டுக்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

நான்காவது, உழைப்பவர் தம்மிடம் தரப்பட்ட முதலுக்கு மேல் கடன் வாங்கி வணிகம் செய்ய, முதலுக்குரியவரின் வெளிப்படையான அனுமதி தேவை என்பது ஹனஃபி சட்டம். பொதுவாக வணிகம் செய் என்று சொன்னது இதற்குப் போதாது.

ஐந்தாவது, முதல் முழுமை பெற்ற பிறகே இலாபம். இடையில் நட்டம் வந்தால் பின்னர் வரும் இலாபத்தைக் கொண்டு முதலில் அந்தக் குழியை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதே பங்கிடத் தக்கது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். உழைப்பவர் ஒரு தொகையைக் கொண்டுவந்து, இது உமது இலாபப் பங்கு, என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன், உமது முதல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் அதை அவர்கள் விரும்பவில்லை. முதல் முழுவதும் கண்முன் வந்து எண்ணப்பட்ட பின்னரே பங்கீடு. காகிதத்தில் காட்டும் இலாபத்தை நம்பிப் பங்கிடுவதன் ஆபத்தைப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நாணய மாற்றும் 'கையோடு கை' விதியும்

பணத்திற்குப் பணம் மாற்றுவதை மார்க்கம் தடை செய்யவில்லை. தங்கத்திற்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி என்றால் சம எடையும் உடனடிக் கைமாற்றும் வேண்டும். இனம் வேறுபட்டால் விலையை விருப்பம்போல் பேசலாம், ஆனால் கைமாற்று உடனடியாக நிகழ வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த விதி. 'ஸர்ஃப்' எனப்படும் இத்தொழிலைச் செய்தோரே ஸர்ராஃபுகள். நம் நாட்டுக் கடைவீதிகளின் 'சராப்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே.

மாலிக் பின் அவ்ஸ் என்பவர் 100 தீனார்களை மாற்றிக்கொள்ள விரும்பியபோது, தல்ஹா (ரலி) அவர்கள் முன்வந்து விலை பேசித் தங்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் கருவூலக்காரர் அல்-ஃகாபாவிலிருந்து வரட்டும், வெள்ளியைத் தருகிறேன் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், வெள்ளியைப் பெறாமல் அவரை விட்டுப் பிரியவே கூடாது என்று தடுத்தார்கள். தல்ஹா (ரலி) அவர்களின் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. தாமதம் சில நாழிகைதான். ஆயினும் நாணய மாற்றில் ஒரு பக்கம் கையிலும் மறுபக்கம் வாக்கிலும் இருப்பதை அவர்கள் அனுமதிக்கவில்லை.

கடல் கடந்த ஒப்பந்தம்

இஸ்லாமிய உலகின் வணிகம் விரிந்தபோது முளாரபாவும் அதனோடு பயணம் செய்தது. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்து யூத ஆலயம் ஒன்றில் சேர்ந்து கிடந்த பழங்காகிதங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கோய்ட்டைன் என்னும் அறிஞர், 11, 12ஆம் நூற்றாண்டு வணிகர்களின் கடிதங்களையும் கணக்குகளையும் வெளிக்கொணர்ந்தார். மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி ஏடனோடு வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதங்களும் அவற்றுள் உண்டு.

அக்காகிதங்கள் தரும் செய்தி ஒன்று வியப்பூட்டுவது. யூத மார்க்கச் சட்டத்தில் 'இஸ்கா' என்ற கூட்டு முறை இருந்தது. அதில் முதலின் பாதி கடனாகவும் பாதி அமானிதமாகவும் கருதப்பட்டதால், உழைப்பவர் நட்டத்தில் ஒரு பகுதியைச் சுமக்க நேர்ந்தது. யூத வணிகர்கள் தம் சொந்தச் சட்டத்தை விட்டு, முஸ்லிம்களின் கிராள் முறைப்படி என்று குறிப்பிட்டே ஒப்பந்தம் செய்துகொண்டதை அப்பத்திரங்கள் காட்டுகின்றன. நேர்மையாக உழைத்தவரை அவர் கையில் இல்லாத காற்றுக்கும் கடலுக்கும் ஈடு கட்டச் சொல்லாத முறை அவர்களையும் கவர்ந்திருக்கிறது.

இத்தாலியத் துறைமுகங்களிலும் இதே காலத்தில் 'கொமெண்டா' என்ற ஒப்பந்தம் தோன்றுகிறது. வெனிஸ் நகரில் 1073ஆம் ஆண்டைச் சேர்ந்த பத்திரம் ஒன்று இன்றும் உள்ளது. ஜெனோவாவில் முழு முதலையும் ஒருவரே போட்டால் இலாபத்தில் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு கடலில் சென்றவருக்கு. நட்டம் முதல் போட்டவருக்கு. பயணம் செய்பவரும் மூன்றில் ஒரு பங்கு முதல் போட்டால் இலாபம் சரிபாதி. நட்டம் அவரவர் முதலின் அளவுக்கு. இவ்வொப்பந்தம் கிராளைப் பெரிதும் ஒத்திருப்பதை உடோவிச் என்ற அறிஞர் 1962இல் எழுதிய ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவின் பிற்காலக் கூட்டு நிறுவனங்களுக்கு வழி திறந்தவற்றுள் கொமெண்டாவும் ஒன்று.

தங்கம் விலகிய பின்

நாணயங்களின் மதிப்பு நொடிக்கு நொடி ஏறி இறங்கும் இன்றைய சந்தை மிகப் பழையதன்று. 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் உருவான ஏற்பாட்டின்படி, ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்றும், பிற நாணயங்கள் டாலரோடு நிலையான விகிதத்தில் என்றும் இருந்தன. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், வெளிநாட்டு அரசுகளிடமுள்ள டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். 1973 மார்ச் மாதம் முதல் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. அன்றிலிருந்து விரிந்த சந்தையில், சர்வதேச நாணயத் தீர்வு வங்கியின் 2025 ஏப்ரல் கணக்கெடுப்பின்படி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 9.6 இலட்சம் கோடி டாலர் கைமாறுகிறது. காகித நாணயமும் தனித்தனி நாணய இனமே, தங்கம் வெள்ளிக்குரிய வட்டி, ஜகாத் சட்டங்கள் அதற்கும் பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் தீர்மானித்தது.

பிறர் பணத்தை நிர்வகித்து இலாபத்தில் பங்கு பெறும் வழக்கமும் நவீன வடிவம் பெற்றது. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் 1949இல் தொடங்கிய நிதியில், 1952 முதல் இலாபத்தில் 20 சதவீதம் நிர்வாகிக்கு என்ற முறை வந்தது. பண்டைய ஃபினீஷியக் கப்பல் தலைவர்கள் பெற்ற ஐந்தில் ஒரு பங்கை அவர் முன்மாதிரியாகக் காட்டியதாகச் சொல்வர். அவர் தம் சொந்தப் பணத்தையும் அதே நிதியில் போட்டிருந்தார் என்பது குறிப்பிடத் தக்கது.

இன்றைய நிர்வகிக்கப்படும் ஃபாரெக்ஸ் கணக்குகள் இதன் வழிவந்தவையே. ஒரு வகையில், கணக்கு நம் பெயரில் இருக்கும். வாங்கி விற்க மட்டும் நிர்வாகிக்கு அதிகாரப் பத்திரம் தருவோம். மற்றொரு வகையில், பலரின் பணம் ஒரே தொகுதியாக இயக்கப்பட்டு, இலாப நட்டம் அவரவர் முதலின் விகிதப்படி பதிவாகும். கணினி தானே கணக்கிடுவதால் பங்கீட்டில் குழப்பம் இருக்காது என்பார்கள். உண்மையே. ஆனால் கணினி கணக்கிடுவது எதை என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

நிர்வாகியின் முதல் 1,00,000 ரூபாய், ஒருவருடையது 6,00,000, மற்றொருவருடையது 3,00,000, ஆக மொத்தம் 10,00,000. முதல் மாதம் 10 சதவீத இலாபம், அதாவது 1,00,000 ரூபாய் வருகிறது. முதலின்படி நிர்வாகிக்கு 10,000, மற்ற இருவருக்கும் 60,000, 30,000. இலாபத்தில் 30 சதவீதம் நிர்வாகியின் பங்கு என்று பேசியிருந்தால், இருவரிடமிருந்தும் 18,000, 9,000 என 27,000 ரூபாயை அவர் உடனே எடுத்துக்கொள்வார். இப்போது கணக்கில் நிற்பது 1,10,000, 6,42,000, 3,21,000. அடுத்த மாதம் 20 சதவீத நட்டம். அவை முறையே 88,000, 5,13,600, 2,56,800 ஆகிவிடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஆறு இலட்சம் போட்டவருக்கு 86,400 ரூபாய் நட்டம். மூன்று இலட்சம் போட்டவருக்கு 43,200 நட்டம். நிர்வாகியிடமோ 88,000மும் முன்பு எடுத்த 27,000மும் சேர்ந்து 1,15,000 இருக்கிறது. அவருக்கு 15,000 ரூபாய் இலாபம்! இங்கே எவரும் ஏமாற்றவில்லை, பேசியபடியே நடந்தது. ஆனால் கூட்டு முழுவதும் நட்டத்தில் இருக்க, உழைத்தவர் மட்டும் இலாபத்தோடு நிற்கிறார். முதல் முழுமை பெறாமல் இலாபம் இல்லை என்ற விதி எங்கே மீறப்பட்டது என்பது இப்போது விளங்கும். முளாரபாவில் இடைக்காலப் பங்கீடு இறுதிக் கணக்குக்கு உட்பட்டதே. நட்டம் வந்தால் முன்பு எடுத்த 27,000 திரும்பி வந்து குழியை நிரப்ப வேண்டும்.

இக்குறையை ஓரளவு போக்க, 'உச்ச அளவு' என்ற நிபந்தனையைச் சிலர் வைக்கின்றனர். கணக்கு முன்பு தொட்ட உச்சத்தைத் தாண்டினால்தான் நிர்வாகிக்கு மீண்டும் பங்கு. மேற்சொன்ன உதாரணத்தில் 5,13,600 மீண்டும் 6,42,000 ஆனால்தான் அவர் கை நீட்ட முடியும். நட்டம் 20 சதவீதம்தான். ஆனால் அதை மீட்க 25 சதவீத இலாபம் வேண்டும். நட்டம் பாதியானால் மீட்க இருமடங்காக வேண்டும். ஏற்கனவே எடுத்த பங்கு இதில் திரும்புவதில்லை என்றாலும், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் விதிக்கு மிக அருகில் வரும் நவீன நிபந்தனை இதுவே.

இதைவிடப் பெரிய சிக்கல்கள் வேறு உண்டு. 1,000 டாலர் போட்டவருக்கு 1,00,000 டாலர் மதிப்பில் வணிகம் செய்யத் தரகர் இடம் தருவார். மீதியெல்லாம் கடன்தான். நாணய விலை ஒரு சதவீதம் எதிர்த்திசையில் நகர்ந்தாலே முழு முதலும் போய்விடும். இரவைத் தாண்டி வைத்திருந்தால் வட்டி வேறுபாடு பதிவாகும். நிர்வாகிக்கு ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் தரகரிடமிருந்து தனித் தரகு கிடைக்குமானால், இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு வருமானம் உறுதி. அப்படிப்பட்டவர் இலாபத்தில் மட்டும் பங்கு பெறும் முளாரிப் அல்லர். கடனும் தரகும் கலந்த இந்த 'மார்ஜின்' வணிகத்தை ஆராய்ந்த மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2006 ஏப்ரலில் அது கூடாது என்று தீர்மானித்தது. தனிநபர்கள் மின்னணுத் தளங்களில் செய்யும் ஃபாரெக்ஸ் வணிகம் ஹராம் என்று மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2012இல் அறிவித்தது. வட்டியில்லாக் கணக்கு என்று பெயர் மாற்றுவதால் மட்டும் இச்சிக்கல்கள் தீர்ந்துவிடுவதில்லை.

எகிப்து தந்த பாடம்

1980களில் எகிப்தில், வளைகுடாவில் உழைத்த இலட்சக்கணக்கானோரின் சேமிப்பைக் குறிவைத்து முதலீட்டு நிறுவனங்கள் முளைத்தன. அர்-ரய்யான், அஸ்-ஸஅத், அஷ்-ஷரீஃப் என்பவை அவற்றுள் பெரியவை. வட்டி ஹராம், எங்களுடையது முளாரபா என்று அவை விளம்பரம் செய்தன. ஆண்டுக்கு 20 சதவீதத்திற்கும் மேல் தந்தன. அதையும் மாதந்தோறும் தவறாமல் தந்தன. வணிகத்தில் ஏற்ற இறக்கம் இருக்க, மாதம் தவறாத இலாபம் எப்படி வருகிறது என்று கேட்டவர் குறைவு. 1986இல் அர்-ரய்யான் உலகச் சந்தையில் தங்கச் சூதாட்டத்தில் பெருநட்டம் அடைந்ததாகச் செய்தி பரவியபோது மக்கள் முண்டியடித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டனர். 1988இல் எகிப்திய அரசு 146ஆம் எண் சட்டத்தை இயற்றிக் கணக்குக் கேட்டபோது பெரிய நிறுவனங்கள் சரிந்தன. பாலைவன வெயிலில் சேர்த்த பணத்திற்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இது தொலைதூரக் கதை என்று எண்ண வேண்டாம். பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் ஒன்று 2019 ஜூன் மாதத்தில் வீழ்ந்தபோது, பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் காவல் நிலையத்தின் முன் புகார் மனுவோடு நின்றன. அவர்களில் பெரும்பாலோர் வட்டிக்கு அஞ்சியவர்கள். அந்த இறையச்சமே அவர்களை ஏமாற்றும் கருவியாக ஆக்கப்பட்டது என்பதுதான் நம் நெஞ்சைச் சுடும் செய்தி.

நாம் செய்ய வேண்டியது

இந்தியச் சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுவது நம் கடமை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999இன்படி, அனுமதி பெற்றவர்களிடம், அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே அந்நியச் செலாவணி வணிகம் செய்யலாம். வெளிநாட்டுத் தரகருக்கு மார்ஜின் தொகை அனுப்ப அனுமதியில்லை. அங்கீகாரமற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. அத்தளங்களில் பணம் போட்டவர் ஏமாந்தாலும், புகார் செய்யப் போகும் இடத்தில் தாமே விடை சொல்ல வேண்டியவராக நிற்பார்.

ஃபாரெக்ஸ் மட்டுமன்று; கடை, தோட்டம், வீட்டு மனை எதுவாயினும், உறவினரே ஆயினும், பிறரிடம் முதல் தரும் முன் நம் ஜமாஅத்தினர் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம்:

1. இது கடனா, முளாரபாவா? எழுத்தில் இருக்கிறதா?

2. இலாபம் விகிதமா, மாதத் தொகையா? தொகை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. நட்டம் வந்தால், முன்பு எடுத்த பங்கு கணக்கில் திரும்ப வருமா?

4. என் முதலுக்கு மேல் கடன் வாங்கி வணிகம் செய்யப்படுகிறதா?

5. நிர்வாகிக்கு இலாபப் பங்கு தவிர வேறு வருமானம் உண்டா? அவர் சொந்தப் பணம் இதில் இருக்கிறதா?

ஏற்கனவே நட்டம் அடைந்து, நம்மிடம் வழக்கோடு வரும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நிபந்தனை மீறப்படாமலும் மோசடி இல்லாமலும் நட்டம் நேர்ந்திருந்தால், அது முதல் தந்தவருடையதே. உழைத்தவரை ஈடு செய்யச் சொல்லி நெருக்குவது நீதியன்று. சொல்லாமல் கடனெடுத்து ஆடியிருந்தாலோ, ஒளிமறைவாகத் தரகு பெற்றிருந்தாலோ, அமானிதத்தை மீறியவர் ஈடு செய்தே ஆக வேண்டும். உறவைக் காரணம் காட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் புதல்வர்கள் என்றும் பாராமல் கணக்குக் கேட்டார்கள். அதேவேளை அவர்களின் உழைப்புக்குரிய பாதியை மறுக்கவும் இல்லை.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம் உறவுகளில் இணக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.